3,850 ரூபாய் ட்ரெக்கிங் ஷூ, ஏரிக்குப் போகும் வழியிலேயே வாயைப் பிளந்தது

ஊர் திரும்பி ஆறு நாள்தான் ஆகிறது. இன்று மதியம் அந்தக் கடையிலிருந்து மூன்றாவது தடவையாக வெறுங்கையோடு வந்தேன். வந்த சூட்டிலேயே எழுதுகிறேன். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் ஷூ வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

கடையின் பெயர் வேண்டாம். இரண்டு மாடி, ஏசி, எல்லா கம்பெனி செருப்பும் வைத்திருக்கும் கடை. இமாச்சலில் தரம்சாலா பக்கம் இருக்கும் கரேரி ஏரிக்கு நடந்து போக வேண்டும் என்பது என் மூன்று வருட ஆசை. 2,900 மீட்டர் உயரத்துக்கு மேல், தவுலாதார் மலைப் பனி உருகி வந்து நிறையும் ஏரி. அதைச் சொல்லித்தான் ஷூ கேட்டேன். விற்கிற பையன் என் காலடியில் உட்கார்ந்து, அவனே லேஸ் கட்டி, முன்பக்கம் அழுத்திப் பார்த்து, "விரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் இருக்கணும்க்கா, இறங்கும்போது நகம் அடிபடும்" என்றான். அந்தப் பேச்சில்தான் நம்பினேன். இவ்வளவு விவரம் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று தோன்றியது. "அஞ்சு வருஷம் அசையாதுக்கா." 3,850 ரூபாய். பேரம்கூடப் பேசவில்லை.

ரயிலில் பதான்கோட் போய், அங்கிருந்து வண்டி பிடித்து, மறுநாள் காலையில் நடக்க ஆரம்பித்தோம். ஓடையை ஒட்டிய பாறைப் பாதையில் இரண்டு மணி நேரம் ஏறியிருப்போம். வலது ஷூவின் சோல் முன்பக்கம் பிளந்தது. அடுத்த அடியில் அது மடங்கி, கால் புரண்டு விழுந்தேன். நல்லவேளை, சுளுக்கோடு போயிற்று. வழிகாட்டி கயிறு போட்டுக் கட்டிவிட்டார். பத்து நிமிடத்தில் இடது சோலும் போனது. மற்றவர்கள் மேலே போனார்கள். நானும் வீட்டுக்காரரும் வழியில் இருந்த டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவ்வளவு தூரம் போயும் ஏரியை அடுத்தவர் போனில்தான் பார்த்தேன்.

வந்ததும் எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். நகத்தால் சுரண்டினார், பொறை மாதிரி உதிர்ந்தது. "ஒட்டு விடலம்மா, சோலே செத்துப்போச்சு. வருஷக்கணக்கா பெட்டியில கிடந்த சரக்கு" என்றார். அப்புறம் தேடிப் படித்தேன். பாலியூரித்தேன் சோல் காற்றில் உள்ள ஈரத்திலேயே மெல்லச் சிதையுமாம், காலில் போடாமல் வைத்திருந்தாலும். கடற்காற்று அடிக்கும் நம் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். பெட்டியில் விலை ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். அடியில் தயாரித்த வருடம்: 2017!

முதல் நாள் போனபோது "முதலாளி இல்ல, நாளைக்கு வாங்க." இரண்டாம் நாள் "தண்ணியில நனைச்சிருக்கீங்க." மலைக்கென்று விற்ற ஷூ நனையக் கூடாதாம்! இன்று முதலாளியே இருந்தார். பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. "கம்பெனியில போய் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். லேஸ் கட்டிவிட்ட பையன் என் முகத்தையே பார்க்கவில்லை. 3,850 ரூபாய் எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் பாருங்கள், மேலே ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். சோலை நகத்தால் அழுத்துங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. பின்பக்கம் என்ன அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். அதிலும் நடக்காவிட்டால் வடசென்னை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை. அந்த ஷூவைத் தூக்கிப் போடச் சொல்கிறார் வீட்டுக்காரர். 3,850 ரூபாய் கைக்கு வரும்வரை அது பெட்டியோடு, உதிர்ந்த தூளோடு, பீரோவில்தான் இருக்கும்.