மரக்கொப்பு வெட்ட ஆள் பிடிக்கிறவர்கள் கவனம்: 1,850 பவுண்ஸ் போய்விட்டது, கவுன்சில் கடிதமும் வந்துவிட்டது

இன்று காலை கவுன்சிலின் (எங்கள் பகுதி உள்ளூராட்சிச் சபையின்) மரங்களுக்கான அதிகாரியிடம் இருந்து கடிதம் வந்தது. இரண்டு தரம் வாசித்துவிட்டு நேராக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் சொந்த வீடும் பின்வளவில் ஒரு பெரிய மரமும் இருக்கிற எல்லாரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். 1,850 பவுண்ஸ் போய்விட்டது, மரமும் போன மாதிரித்தான், அதற்கு மேல் நான் ஏன் சட்டத்தை மீறினேன் என்று எழுத்தில் விளக்கம் கேட்கிறார்கள்.

நாங்கள் வடமேற்கு லண்டனில் இருக்கிறோம், 2021 இல் வாங்கிய வீடு. பின்வளவில் வேலியோரமாக ஒரு சிக்கமோர் மரம், வீட்டுக் கூரையை விட உயரம். அதைத் தறிக்க வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. இலையுதிர் காலத்தில் பீலி முழுக்க இலை அடைத்துத் தண்ணீர் சுவரில் வடிகிறது, காற்று வீசினால் ஒரு பக்கத்துக் கொப்பு பிள்ளைகளின் அறை யன்னலில் வந்து அடிக்கிறது, அவ்வளவுதான் பிரச்சினை. மேற்கொப்புகளை ஒரு 30 வீதம் குறைத்து விட்டால் போதும் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

வீட்டு வேலைகளுக்கு ஆட்களைத் தேடித் தருகிற ஒரு இணையத்தளம் இருக்கிறது, பெயர் சொல்லவில்லை, உங்களில் கனபேர் பாவிக்கிற மாதிரியானதுதான். அதில் வேலையைப் போட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று பேர் விலை அனுப்பினார்கள். மூன்றாவது ஆள் போன் எடுத்து "வணக்கம் அண்ணை" என்றார். ஐந்து நட்சத்திரம், நாற்பதுக்கு மேற்பட்ட நல்ல கருத்துகள், "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை அடையாளம். சரி, நம்மட ஆள், நம்பலாம் என்று வரச் சொன்னேன்.

அடுத்த நாளே வந்தார். மரத்தைப் பார்க்க முதலே "அண்ணை எந்த ஊர்?" என்று கேட்டார். சாவகச்சேரி என்றேன். தன்னுடைய அம்மாவும் பக்கத்து ஊரான மட்டுவில் என்றார். அது உண்மையா பொய்யா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தோம். மாமி அவருக்கு வடை கட்டிக் கொடுத்து விட்டா. இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், ஒரு வெள்ளைக்காரத் தொழிலாளி வந்திருந்தால் காப்புறுதிப் பத்திரம் எங்கே, சான்றிதழ் எங்கே என்று ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். இவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

ஒரு விசயம் மட்டும் நான் கேட்டேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஊரில் பலா மரம் தறிக்க அப்பா கிராம சேவகரிடம் கடிதத்துக்கு அலைந்தது எனக்கு நல்ல ஞாபகம். இலங்கையில் பலா, ஈரப்பலா, பெண் பனை இந்த மூன்றுக்கும் 1951 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க ஏலாது. அதனால்தான், "இதுக்குக் கவுன்சிலில் அனுமதி ஏதும் எடுக்க வேணுமோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை, எடுக்க வேணும். ஆனா நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, கவுன்சில் அலுவல் முழுக்க நான் பாக்கிறன். கட்டணம் 250 மட்டும் தாங்கோ" என்றார்.

நானே பயந்த கேள்விக்கு அவரே ஓம் என்று பதில் சொன்னதும் இவர் நேர்மையான ஆள் என்று நினைத்துவிட்டேன். 250 பவுண்ஸ் காசாகக் கையில் கொடுத்தேன். அந்த 250 உம் சேர்த்து மொத்த வேலைக்கு 2,050 சொல்லியிருந்தார். பிறகு, "அந்த வெப்சைற்றுக்குள்ளால காசு போட்டால் அவங்கள் 15 வீதம் எடுப்பாங்கள், எனக்கு நேர போடுங்கோ, அண்ணைக்கு 200 குறைக்கிறன்" என்றார். அதனால் 1,850. முற்பணம் 600 ஐ அவருடைய கணக்குக்கு அனுப்பினேன்.

நான்கு நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கவுன்சிலின் சின்னம், ஒரு இலக்கம், எங்கள் முகவரி, "வேலைக்கு ஆட்சேபனை இல்லை" என்று ஒரு வரி. "வந்திட்டுது அண்ணை, புதன்கிழமை தொடங்குவம்." நான் கட்டைவிரல் போட்டேன். அந்த இலக்கத்தைக் கவுன்சிலின் தளத்தில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. பார்க்கவில்லை.

புதன்கிழமை நான் வேலைக்குப் போய்விட்டேன். மூன்று இளம் பொடியன்கள் வந்தார்களாம், தலைக்கவசம் இல்லை, கயிறு கூட ஒழுங்காக இல்லை என்று மனைவி மத்தியானம் போன் எடுத்துச் சொன்னா. நான் நாலரைக்கு வீட்டுக்கு வந்தபோது மரத்தின் தலை முழுக்க இல்லை. 30 வீதம் குறைக்கச் சொன்ன மரத்தில் அடிமரமும் வெட்டுப்பட்ட நான்கு கட்டைகளும் மட்டும் நின்றன. ஏப்ரல் கடைசி, இலை தளிர்த்த நேரம். வளவு முழுக்கப் பச்சைக் கொப்பு, அதை ஏற்றிக்கொண்டு போவதும் விலைக்குள் அடக்கம் என்றுதான் பேச்சு. எங்கள் சின்ன மகள் அந்தக் கொப்புகளுக்குள் இருந்து ஒரு காட்டுப்புறாவின் கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தா. இரண்டு முட்டையும் உடைந்து கிடந்தன. பிள்ளை அன்றிரவு சாப்பிடவில்லை.

வேலையை எடுத்தவர் வந்து, "இனிப் பத்து வருசத்துக்கு உங்களுக்குத் தலையிடி இல்லை" என்றார். கொப்பை நாளைக்கு ஏற்றுவேன் என்றார். நான் மிச்சம் 1,000 பவுண்ஸை எண்ணிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று மனைவி இன்று வரை கேட்கிறா. பொடியன்கள் நிற்கிறார்கள், வான் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அயலவர்கள் யன்னலால் பார்க்கிறார்கள், ஊர்க்காரனோடு வாசலில் நின்று சண்டை பிடிக்க மனம் வரவில்லை. 250 ஆக, 600 ஆக, 1,000 ஆக, மொத்தம் 1,850 பவுண்ஸ். ஒரு பற்றுச்சீட்டு கூட இல்லை.

அடுத்த திங்கள் கவுன்சிலில் இருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அயலில் யாரோ அறிவித்திருக்கிறார்கள், அவர்களில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனேயே, இது எங்கள் கடிதம் இல்லை, இந்த இலக்கம் வேறொரு வீட்டின் சமையலறை விரிவாக்கத்துக்குக் கொடுத்தது என்றார். பிறகு நின்று பொறுமையாக விளக்கினார். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

எங்கள் தெரு ஒரு பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது, கொன்சர்வேஷன் ஏரியா என்பார்கள். அங்கே, தரையில் இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் 7.5 சென்ரிமீட்டருக்கு மேல் விட்டம் உள்ள எந்த மரத்தைத் தறிப்பதானாலும் கொப்பு வெட்டுவதானாலும் ஆறு கிழமைக்கு முதல் கவுன்சிலுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், சில விதிவிலக்குகள் மட்டும்தான். 7.5 சென்ரிமீட்டர் என்றால் என்னுடைய மணிக்கட்டை விடக் கொஞ்சம் தடிப்பு. அந்த ஆறு கிழமைக்குள் கவுன்சில் ஒன்றில் அந்த மரத்துக்குத் தனிப் பாதுகாப்பு உத்தரவு போடும், இல்லாவிட்டால் விட்டுவிடும். தனி உத்தரவு, அதுதான் டிபிஓ, ஏற்கெனவே உள்ள மரம் என்றால் அறிவித்தல் போதாது, விண்ணப்பம் போட்டு அனுமதி கிடைத்த பிறகுதான் தொடலாம், அதற்கு எட்டுக் கிழமை. நான்கு நாளில் வந்த கடிதம் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அறிவித்தலுக்கும் விண்ணப்பத்துக்கும் கட்டணமே கிடையாது. ஒரு சதம் கூட இல்லை. இணையத்தில் நீங்களே நிரப்பலாம். "நீங்கள் கேட்ட 30 வீதக் குறைப்புக்கு அறிவித்தல் தந்திருந்தால் நாங்கள் அனேகமாக மறுத்திருக்க மாட்டோம்" என்றார். இப்படித் தலையை வெட்டினால் வெட்டுவாயால் அழுகல் இறங்கும், புதிதாக வருகிற கொப்புகள் பலமாகப் பிடிக்காமல் பிறகு முறிந்து விழும் என்றும் சொன்னார். அதாவது யன்னலில் அடிக்கிறது என்று நான் பயந்த கொப்பை விட ஆபத்தானதை இப்போது காசு கொடுத்து வளர்க்கிறேன்.

பொறுப்பு யாருக்கு என்று கேட்டேன். வெட்டினவருக்கும் உண்டு, வெட்ட வைத்த வீட்டுக்காரருக்கும் உண்டு. மரம் பட்டுப்போகிற அளவுக்கு வெட்டியது என்று முடிவானால் நீதிமன்றம் போடக்கூடிய தண்டப் பணத்துக்கு உச்ச வரம்பே இல்லை. சின்ன மீறல்களுக்கு 2,500 பவுண்ஸ் வரை. மரம் போய்விட்டால் அதே இடத்தில் இன்னொன்று நடவேண்டிய கடமையும் வீட்டுக்காரருக்கு. கூடு இருக்கிற கொப்பை வெட்டியது வேறு கதை, அது 1981 ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. மார்ச்சில் இருந்து ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு வைக்கிற காலம், ஒழுங்கான மரவேலைக்காரர் முதலில் கூடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பாராம்.

அன்று மாலையே மரம் வெட்ட எடுத்த ஆளுக்குப் போன் எடுத்தேன். முதல் தரம், "அண்ணை நான் மரத்தில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்." இரண்டாம் தரம், "அந்தக் கடிதம் எங்கட ஒஃபிசில இருக்கிற பிள்ளை அனுப்பினது, நான் விசாரிக்கிறன்." மூன்றாம் தரம் குரலே மாறிவிட்டது. "வெட்டச் சொன்னது நீங்கள், மரம் உங்கட, கவுன்சில் உங்களைத்தான் கேக்கும்" என்றார். அதற்குப் பிறகு என் இலக்கத்தை அடைத்துவிட்டார். கொப்பு இன்னும் வளவில்தான் கிடக்கிறது, காய்ந்து போய்.

அந்த இணையத்தளம்? முறைப்பாடு போட்டதும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு தானியங்கிப் பதில். ஆறு நாள் கழித்து ஒருவர் எழுதினார்: நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்து வைக்கிறோம், பணம் எங்கள் ஊடாகச் செலுத்தப்படாததால் எங்கள் உத்தரவாதம் பொருந்தாது. பச்சை அடையாளம் எதைச் சரிபார்த்தது என்று கேட்டேன். அவருடைய அடையாள அட்டையையும் மின்னஞ்சலையும் என்று பதில். மரவேலைத் தகுதியையோ காப்புறுதியையோ அவர்கள் பார்க்கவே இல்லை! நான் எழுதிய ஒற்றை நட்சத்திரக் கருத்து "பரிசீலனையில்" என்று பத்து நாளாக மறைந்தே இருக்கிறது. அவருடைய ஐந்து நட்சத்திரம் அப்படியே மின்னுகிறது.

வங்கிக்கும் போனேன். கணக்குக்கு அனுப்பிய பணத்தை மோசடியில் இழந்தால் வங்கி திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில் வந்தது, அதை நம்பித்தான் போனேன். ஆள் வந்தார், வேலையும் செய்தார், ஆகவே இது வாடிக்கையாளர் தகராறு, அந்த விதிக்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள். போலிக் கடிதத்தைக் காட்டி மறுபரிசீலனை கேட்டிருக்கிறேன். வென்றாலும் 600 தான், காசாகக் கொடுத்த 1,250 க்கு என் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை.

இன்னொரு வலி. வீடு வாங்கும்போது சட்டத்தரணி தந்த பத்திரக் கட்டை நேற்றிரவு தட்டிப் பார்த்தேன். கவுன்சில் தேடல் பத்திரத்தில் "பாதுகாப்புப் பகுதி: ஆம்" என்று தெளிவாக அச்சடித்து இருக்கிறது. நான்கு வருடத்துக்கு மேலாக அது என் அலுமாரிக்குள்தான் கிடந்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், நேரமும் மனமும் இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடியுங்கள். கொப்பில் கத்தி வைக்க முதல் நீங்களே கவுன்சிலின் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, இல்லாவிட்டால் மரங்களுக்கான பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இரண்டு கேள்வியும் கேளுங்கள்: டிபிஓ இருக்கிறதா, பாதுகாப்புப் பகுதியா. கவுன்சில் கட்டணம் என்று யாராவது காசு கேட்டால் அங்கேயே வாசலைக் காட்டுங்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தை (வேலையால் மற்றவர்களுக்குச் சேதம் வந்தால் ஈடு தருகிற காப்புறுதி) வாங்கிப் பாருங்கள், எந்த ஊர்க்காரர் என்றாலும். முடிந்தால் கடனட்டையால் கட்டுங்கள், 100 பவுண்ஸுக்கு மேல் என்றால் அட்டை நிறுவனத்துக்கும் பொறுப்பு வரும். வீட்டுக்கு வந்து பேசி ஒப்பந்தம் போட்டால் 14 நாளுக்குள் ரத்துச் செய்கிற உரிமை பெரும்பாலும் உண்டு, அதை எழுத்தில் தராத ஆளை நம்பாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இலவச ஆலோசனை தருகிற சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் இலக்கத்துக்கு எடுங்கள், அவர்கள்தான் வியாபார மோசடிகளை விசாரிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள், நேராக அங்கே கதைக்க முடியாது.

சிறு கோரிக்கை நீதிமன்றம் 10,000 பவுண்ஸ் வரை எடுக்கும், 1,850 க்காக நான் போகத்தான் போகிறேன், ஆனால் அந்த ஆள் தந்த முகவரி இப்போது ஒரு உடுப்புத் தோய்க்கிற கடை என்று நேற்றுத்தான் போய்ப் பார்த்தேன். இதே மாதிரி வாட்ஸ்அப்பில் கவுன்சில் கடிதம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அந்தப் படத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி போடுங்கள். வெள்ளிக்கிழமை அதிகாரி திரும்ப வருகிறார், அதற்கு முதல் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். இனி அதைத்தான் எழுதப் போகிறேன்.