கதை சொல்வதா, படித்துக் காட்டுவதா, போனில் போட்டுவிடுவதா?

மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தூங்கப்போகும் நேரத்தில் ஒரு கதை வேண்டும். கையில் எதுவும் இல்லாமல் வாயால் சொல்லலாம். படப்புத்தகத்தை மடியில் விரித்துப் படித்துக் காட்டலாம். போனில் ஒரு கதையைப் போட்டுவிடலாம். எங்கள் வீட்டில் முதலிடம் வாய்க்கதைக்கு, அடுத்தது புத்தகத்துக்கு. போன் பயணத்துக்கு மட்டும்.

போனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் படித்துக் காட்டுவதும் கதை சொல்வதும் நல்லது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். வீடியோவில் இன்னொரு குறை: நரி எப்படி இருக்கும், கிணறு எவ்வளவு ஆழம் என்று பிள்ளை மனதில் வரைந்துகொள்ள வேண்டியதை எல்லாம் படமே வரைந்து கொடுத்துவிடுகிறது. ஆடியோவில் இந்தக் குறை இல்லை. ஊரில் இருக்கும் பாட்டியிடமோ வெளிநாட்டில் வேலை செய்யும் அப்பாவிடமோ ஒரு கதை பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தாறு நிமிடம் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, முதலில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். ரயிலிலும் காரிலும் இது அருமையாக உதவும். படுக்கைக்குக் கொண்டுவந்தால் மட்டும், கதை முடிந்த கையோடு பிள்ளையின் விரல் திரைக்குப் போய்விடும்.

புத்தகம் வேறு ரகம். அதற்கு ஈடில்லாத பலன்கள் உண்டு. காசும் பெரிய தடையில்லை. நேஷனல் புக் டிரஸ்டின் குழந்தைப் புத்தகங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை, வாசிப்புத் திறனுக்கு ஏற்ற நான்கு நிலைகளில், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மூன்று வயதுக்கு வாங்கும்போது ஒரு பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் இருந்தால் அந்தப் புத்தகத்தைத் தள்ளிவையுங்கள். நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போதே பிள்ளை பக்கத்தைத் திருப்பிவிடும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்தில் காகம் ‘பறந்து சென்றது’, நரி ‘கூறியது’. வீட்டில் பிள்ளை கேட்பதோ ‘பறந்து போச்சு’, ‘சொல்லுச்சு’. மூன்று, நான்கு வயதில் எழுத்துத் தமிழை அப்படியே படித்தால் பாதியிலேயே கவனம் போய்விடும். அதனால் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்வதில் தப்பே இல்லை. ஐந்து வயதிலிருந்து வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உள்ளது உள்ளபடி படியுங்கள். பாடப்புத்தகம் பேசப்போவது அந்தத் தமிழ்தான். அது முன்கூட்டியே காதில் விழுந்திருக்க வேண்டும். இந்த ஒரு வேலையை வாய்க்கதை செய்யவே செய்யாது. படித்துக் காட்டும்போது ‘அடுத்து என்ன ஆகும்?’, ‘இவன் கையில் என்ன?’ என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளையைப் பேசவைத்தால் பேச்சு வளர்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவும் 1988-இல் ஓர் ஆய்வில் காட்டினார்கள். ஆனால் பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும். அதற்கு மேல் போனால் கதை பரீட்சையாகிவிடும்.

இவ்வளவு இருந்தும் நான் வாய்க்கதைப் பக்கம் நிற்பதற்குக் காரணம், ‘இன்னொரு தடவை’ என்ற கோரிக்கை. பிடித்துப்போன கதையைப் பிள்ளைகள் விடாமல் கேட்பார்கள், நாளைக்கும் அதே கதைதான். ஆகவே முதல் தடவை எது நன்றாக இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை, பத்தாவது தடவை எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். வீடியோவில் பத்தாவது தடவையும் பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமில்லை. புத்தகத்தில் வரிகள் மனப்பாடமாகின்றன, நல்லதுதான். ஆனால் கண் சொருகும் நாளில் நான்கு பக்கத்தைத் தாண்டினால் உடனே பிடித்துவிடுவார்கள். வாய்க்கதையை மட்டும்தான் அன்றைய பொழுதுக்குத் தக்கபடி சுருக்கவும் நீட்டவும் முடியும், பாதியைப் பிள்ளையிடமே ஒப்படைக்கவும் முடியும்.

தன் பேரை மறந்துபோன ஈயின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்கும், சங்கிலி ஒவ்வொன்றாக நீளும். முழுச் சங்கிலி இது:

கொழு கொழு கன்னே, கன்னோட தாயே, தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே, கோல் இருக்கும் மரமே, மரத்துமேல் கொக்கே, கொக்கு வாழும் குளமே, குளத்தில் இருக்கும் மீனே, மீன் பிடிக்கும் வலையா, வலையன் கைச் சட்டியே, சட்டி செய்யும் குயவா, குயவன் கை மண்ணே, மண்ணில் விளையும் புல்லே, புல்லைத் தின்னும் குதிரையே, என் பேரென்ன?

குதிரை ‘ஹீ... ஈ...’ என்று கனைக்கும், ஈக்குப் பேர் ஞாபகம் வந்துவிடும். ஊருக்கு ஊர் சில வார்த்தைகள் மாறும், உங்கள் வீட்டில் சொன்னபடியே சொல்லுங்கள். மொத்தம் 14 கண்ணி. ஒவ்வொரு சுற்றிலும் முதலிலிருந்து சொன்னால் 105 பெயர் சொல்லியாக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதுவே கொண்டாட்டம், மூன்று வயதுக்குத் தாங்காது. கண்டபடி வெட்டினால் சங்கிலி அறுந்துவிடும். வெட்டத் தோதான இடங்கள் இரண்டு. தாயிலிருந்து நேரே ‘தாய் மேயும் புல்லே’ என்று தாவினால் கன்று, தாய், புல், குதிரை என 4 கண்ணியில் முடிந்துவிடும், 10 பெயர்தான். மரத்திலிருந்து ‘மரம் நிற்கும் மண்ணே’ என்று இறங்கினால் 8 கண்ணி, 36 பெயர். நான்கிலிருந்து ஐந்து வயதுக்கு இந்த அளவு சரியாக இருக்கும். தூக்கம் வந்துவிட்ட நாளில், மரம்வரை போன பிறகுகூட மனம் மாறி மண்ணுக்கு இறங்கிவிடலாம். அச்சடித்த பக்கத்தில் இது நடக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை: அங்கன்வாடியில் ஆயாவைப் பார்த்துப் பழகிய பிள்ளை ‘தாயை மேய்க்கும் ஆயா’ என்றதும் குழம்பும். ‘இடையா’ என்றோ ‘மாட்டுக்காரா’ என்றோ மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடவை மாற்றிய பெயரை அப்புறம் மாற்றாதீர்கள்.

பிள்ளையிடம் ஒப்படைப்பதும் படிப்படியாகத்தான். முதல் இரண்டு மூன்று தடவை ‘உம்’ கொட்டினால் போதும். அடுத்து ‘ஆயன் கை...’ என்று பாதியில் நிறுத்திவிட்டு மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெரும்பாலும் ‘கோலே’ வந்துவிடும். வரவில்லையென்றால் நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள், திருத்தம் வேண்டாம். பிறகு குதிரையின் கனைப்பு முழுக்கப் பிள்ளையுடையது. கடைசியில் ஈயாகப் பிள்ளையும், மற்ற எல்லாராகவும் நீங்களும் இருந்தால், கதை கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

‘எனக்குக் கதை சொல்ல வராது’ என்பவர்கள் பெரும்பாலும் முழுக்கதையையும் மனப்பாடம் செய்யப் பார்த்தவர்கள். மனப்பாடம் வேண்டியது மூன்றுதான்: முதல் வரி, திரும்பத் திரும்ப வரும் வரி, முடிவு வரி. மிச்சத்தை ஐந்து வரியில் ஒரு அட்டையில் எழுதி, காய் நறுக்கும்போது ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ அங்கேதான் கதை உங்களுக்கே புரியவில்லை, அந்த இடத்தை மட்டும் எளிதாக்குங்கள். சங்கிலிக் கதையில் ஒவ்வொருவரும் ஒரு முறைதான் புதிதாக வருகிறார்கள் என்பதால் எத்தனை பாத்திரம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். மற்றக் கதைகளில் நான்கு வயதுக்குக் கீழே மூன்று பாத்திரத்துக்கு மேல் வைத்தால் யார் யாரென்று பிள்ளைக்கு மறந்துவிடும். கீச்சுக் குரல், கட்டைக் குரல் என்று வைத்துக்கொண்டால் பாதியில் உங்களுக்கே மாறிப்போகும். அதைவிட வேகத்தில் வித்தியாசம் காட்டுங்கள்: ஈ படபடவென்று பேசட்டும், மாடு மெல்ல இழுத்துப் பேசட்டும்.

கண்ணும் பிள்ளையின் முகத்தில்தான் இருக்க வேண்டும். பயமுள்ள இடத்தில் உங்கள் கையை இறுக்கிப் பிடித்தால் புலியை உடனே காட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரியுது?’ என்று கேட்காதீர்கள். பிள்ளையே ஏதாவது கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வாய்க்கதையின் குறையும் உண்மை. அலுத்துப்போய் வரும் பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே தாம் முதலில் தூங்கிவிடுவார். கைவசம் நான்கு கதைதான் என்றால் சொல்பவருக்குச் சலிப்பு சீக்கிரம் வரும். எட்டு வயதுக்கு மேல் இது எவ்வளவு தூரம் எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தானே படிக்கத் தொடங்கிய பிள்ளைக்குத் தொடர்கதையாக நாளுக்கு ஒரு பகுதி சொல்வது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இரண்டையும் சேர்ப்பதென்றால் வாய்க்கதை முதலில் வரட்டும். ஒரு வாரம் வாயால் சொன்ன கதையையே பிறகு புத்தகத்தில் எடுத்துக் கொடுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளை எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தயங்காது. ஈயின் கதைக்குப் புத்தகம் கிடைக்காவிட்டால், 14 துண்டுத் தாளில் கன்றிலிருந்து குதிரைவரை பிள்ளையையே வரையச் சொல்லி, ஒவ்வொன்றின் கீழும் பெயரை நீங்கள் எழுதிக்கொடுத்து ஊசிநூலால் தைத்துவிடலாம்.