உள்ளே லைனரா, மேலே ரெயின்கோட்டா?

ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூரிலிருந்து கொடைக்கானலுக்கு பைக்கில் கிளம்புகிறவர்கள் கேட்பது இதுதான்: ரைடிங் ஜாக்கெட்டுக்குள் மாட்டும் மழை லைனர் போதுமா, மேலே ரெயின்கோட்டும் வேண்டுமா?

செலவு: லைனர் பல ஜாக்கெட்டுகளோடு சேர்ந்தே வரும். ரெயின்கோட்டுக்குத் தனிக் காசு.

மாட்டுவது: லைனரை வீட்டிலேயே போட்டுவிடலாம், மழை வராவிட்டால் திருச்சிக்குள் வியர்த்துக் கொட்டும். ரெயின்கோட்டைத் தூறல் விழுந்த பிறகு போட்டால் போதும். ஆனால் டீக்கடை ஓரம் ஒற்றைக்காலில் நின்று சேற்று ஷூவைப் பேண்டுக்குள் நுழைப்பது தனி வித்தை.

குளிர்: விஷயமே இங்கேதான். லைனர் உடம்பைக் காக்கும், ஜாக்கெட்டைக் காக்காது. வெளித்துணி தண்ணீர் குடித்துக் கனக்கும். வண்டி ஓட ஓட அந்த ஈரம் காற்றில் ஆவியாகி உடம்புச் சூட்டை உறிஞ்சும். டெல்டாவில் இது பெரிதாக உறைக்காது. வத்தலக்குண்டு தாண்டி மலையேறி 2,000 மீட்டரைத் தொடும்போது பல் தந்தியடிக்கும். லாட்ஜில் தொங்கவிட்டாலும் காலைக்குள் ஜாக்கெட் காயாது. வெளிப்பையில் வைத்த போன்? அதுவும் நனையும்.

உழைப்பு: ரெயின்கோட் பேண்ட் சூடான சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். தையல் மேல் ஒட்டிய டேப் உரிந்தால் இரண்டுமே ஒழுகும்.

கும்பகோணம், நாகப்பட்டினம் என்று சமவெளியிலேயே சுற்றுகிறவருக்கு லைனர் போதும். மலைக்கு ரெயின்கோட்தான். அப்புறம், லைனரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மழையில்லாத குளிரில் காற்றைத் தடுக்கும்.