"காலையில வந்த மீன்" என்று சொல்லிப் பச்சையாக வைத்தால் தொடாதீர்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாருங்கள். அங்கே கடலோரத்தில் ஒரு கடையில் சூரை மீனைச் சன்னமாக நறுக்கி, எலுமிச்சைச் சாறும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசறி வைத்தார்கள். வேகவே இல்லையே என்று மச்சான் கேட்டதற்கு, "காலையில வந்த மீனுண்ணே, எலுமிச்சையிலயே வெந்துரும், ஒண்ணும் பண்ணாது" என்றார் பரிமாறியவர். சுட்ட கணவாயும் அப்படித்தான், ஓரமெல்லாம் கருகல், நடுவில் பச்சை.

அன்று ராத்திரியே மச்சானுக்கு மேல்வயிற்றில் பிடுங்குகிற வலி, ஓயாத வாந்தி. வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தும் அடங்காமல், கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோய் வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு எண்டோஸ்கோபி செய்தபோதுதான் தெரிந்தது, இரைப்பைச் சுவரில் தலையை நுழைத்தபடி ஒரு வெள்ளைப் புழு, உயிரோடு நெளிகிறது. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், நூல் கனம்தான். அந்தக் குழாய் வழியாகவே கவ்வி எடுத்தார்கள், அப்புறம்தான் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அனிசாகிஸ் என்று பெயர் சொன்னார் டாக்டர். கடல் மீனிலும் கணவாயிலும் இருக்கிற புழு. மீன் புதுசு என்பதால் புழு இல்லாமல் போகாது, புது மீனில் அது உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். மீன் செத்த பிறகு குடலிலிருந்து சதைக்குள் ஏறவும் செய்யும், அதனால்தான் குடலைச் சீக்கிரம் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எலுமிச்சை, வினிகர், உப்பு போட்டுப் பிசறுவதால் அது சாகாது. நம் மீனவர் வீடுகளில் எவ்வளவு புளி கரைத்து ஊற்றினாலும் கொதிக்க விடாமல் இறக்குவார்களா?

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ஐஸ்லதானே வெச்சிருந்தோம்" என்றார்கள். ஐஸ் பெட்டி மீனைக் கெடாமல் வைக்கும், புழுவைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்க வேண்டும், இல்லையென்றால் சதையின் நடுவிலும் 63 டிகிரி சூடு ஏற வேண்டும். இது தெரியாமல் பச்சை மீனைக் காசுக்கு விற்பது அநியாயம்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வயிறு வலித்தாலோ, உடம்பெல்லாம் தடித்து அரித்தாலோ, டாக்டரிடம் முதல் வார்த்தையாகப் பச்சை மீன் சாப்பிட்டதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அல்சர், குடல்வால் என்று வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள்.