காவலாளிக்கு என்ன தெரியும்? தீஃப், மெட்டல் கியர் சாலிட், ஹிட்மேன்: எது அசல் ஸ்டெல்த்?

கண்ணாமூச்சி ஆட்டத்தில் தேடுகிறவனுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும்: எல்லாரும் எங்கோ ஒளிந்திருக்கிறார்கள். பிடிபடாமல் காரியத்தை முடிக்கும் ஸ்டெல்த் வகை வீடியோ கேமில் வரும் காவலாளிக்கு அதுகூடத் தெரியாது. அவனுக்கு அது வழக்கமான, கொட்டாவி வரவைக்கும் ராத்திரி டியூட்டி. ஆட்டம் நடப்பதே அவனுக்குத் தெரியாமல்தான்.

"சண்டை போடாமல் ஒளிந்து போவதுதான் ஸ்டெல்த்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால், குனிந்து நடக்க ஒரு பட்டனும் மறைய நாலு புதரும் வைத்திருக்கிற எல்லா ஆக்‌ஷன் கேமையும் இதில் சேர்க்க வேண்டும். 2007-இல் வந்த முதல் அசாசின்ஸ் கிரீடில் மறைவதற்கு வைக்கோல் வண்டி உண்டு, கூட்டம் உண்டு. ஆனால் மாட்டிக்கொண்டால்? சுற்றி நிற்கும் வீரர்கள் ஒவ்வொருவராக வர, சரியான நேரத்தில் ஒரு பட்டனைத் தட்டி ஒவ்வொருவராகச் சாய்த்துவிடலாம். மாட்டிக்கொள்வதில் பயமே இல்லாதபோது ஒளிவதற்கு என்ன அவசியம்?

என் கணக்கு வேறு. காவலாளியின் மண்டைக்குள் "தெரியாது" என்பதற்கும் "தெரியும்" என்பதற்கும் நடுவில் ஒரு இடம் இருக்க வேண்டும். ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருக்கிறதே என்று அவன் நின்று யோசிக்கும் அந்த மூன்று விநாடி. அந்த இடத்தை எவ்வளவு அகலமாக, எவ்வளவு நுணுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். தீஃப், மெட்டல் கியர் சாலிட், ஹிட்மேன் என்ற மூன்று கேம்களை வைத்துப் பார்ப்போம்.

1998 இந்த வகைக்குப் பொன்னான ஆண்டு. டென்ச்சு, மெட்டல் கியர் சாலிட், தீஃப் மூன்றும் அந்த ஒரே ஆண்டில் வந்தன. டென்ச்சுவின் நிஞ்ஜாக்களை இங்கே விட்டுவிடுகிறேன், அதற்குத் தனியாகவே எழுதலாம்.

தீஃப், லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் செய்தது. நாயகன் காரெட் வாள் வைத்திருக்கிறான், ஆனால் இரண்டு காவலர்கள் சேர்ந்து வந்தால் கதை முடிந்தது. அவனுடைய ஆயுதம் இருட்டு. திரையின் அடியில் ஒரு மணிக்கல் இருக்கும். நீங்கள் வெளிச்சத்தில் நின்றால் அது பளிச்சென்று எரியும், நிழலுக்குள் போனால் கருத்துவிடும். நீர் அம்பு விட்டுத் தீவட்டியை அணைக்கலாம், பாசி அம்பு விட்டுத் தரையை மெத்தென்று ஆக்கலாம்.

தரை என்றதும்தான் சொல்ல வருகிறது. இந்த கேமின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதல் வேலை, பாஃபோர்டு பிரபுவின் மாளிகையில் செங்கோலைத் திருடுவது. கம்பளத்தில் நடந்தால் சத்தமே இல்லை. கம்பளம் முடிந்து பளிங்குத் தரையில் கால் வைத்தால் டொக், டொக். வாசலில் இரண்டு காவலர்கள் கரடிச் சண்டை பார்க்கப் போவதைப் பற்றி வம்பளந்துகொண்டிருப்பார்கள். அதைக் கேட்டபடியே நாம் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் பேச்சு நின்றுவிடும். ஒருவன் யாரது என்று கேட்டபடி நடந்து வருவான், நம் மூக்குக்கு நேராக நிற்பான். எதுவும் இல்லை என்று முனகிவிட்டுத் திரும்புவான். ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆடும்போது அந்த நேரத்தில் நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். கம்ப்யூட்டருக்கு என் மூச்சு கேட்காது என்று தெரிந்தும்தான்.

மெட்டல் கியர் சாலிட் இதற்கு நேர் எதிர். ஹிடியோ கோஜிமா 1987-இல் முதல் மெட்டல் கியரைச் செய்தபோது, எம்எஸ்எக்ஸ்2 கணினியில் ஒரே திரையில் நிறைய எதிரிகளையும் தோட்டாக்களையும் காட்ட முடியவில்லை. சுட முடியாவிட்டால் ஒளியட்டும் என்று பிறந்தது அந்த ஆட்டம். 1998-க்குள் பிளேஸ்டேஷன் வந்துவிட்டது, கதை சினிமா அளவுக்கு வளர்ந்துவிட்டது, அடிப்படை மட்டும் மாறவில்லை. நாம் மேலிருந்து பார்க்கிறோம். மூலையில் ஒரு ரேடார். அதில் ஒவ்வொரு காவலனின் பார்வையும் ஒரு முக்கோணமாகத் தெரியும். முக்கோணத்துக்குள் கால் வைக்காதவரை நீங்கள் காற்று. அவன் கண்ணுக்கு நேராக, கொஞ்சம் தள்ளி நின்றாலும் சரி.

யோசித்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் ஆடும்போது வருவதில்லை. எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருப்பதால் இது சதுரங்கம் மாதிரி. சுவரைத் தட்டி ஒருவனை வரவழைத்து, அவன் வந்த வழியாகவே நழுவலாம். பனியில் பதிந்த காலடித் தடத்தைப் பார்த்துக் காவலன் பின்தொடர்வது அன்றைக்குப் பெரிய ஆச்சரியம். மாட்டிக்கொண்டால் ரேடார் செத்துவிடும், ஆட்கள் ஓடி வருவார்கள். எங்காவது பதுங்கிவிட்டால் ஒரு எண் இறங்கிக்கொண்டே வரும், பூஜ்யத்தைத் தொட்டதும் எல்லாரும் எல்லாவற்றையும் மறந்து பழையபடி நடக்கத் தொடங்குவார்கள். அகப்பட்டவனுக்கு அஷ்டமத்துச் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதாமிடத்துக் குரு என்பது இங்கே அப்படியே விதி. விழுந்த ஆளின் உடல்கூட மறைந்துவிடும். தீஃபில் அந்த உடலை நீங்கள்தான் தோளில் தூக்கி ஒரு இருட்டு மூலையில் போட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொருவன் வந்து பார்ப்பான். சந்தேகத்துக்கு நினைவு இருக்கிறதா என்று பார்த்தால், இந்த இடத்தில் தீஃப் தெளிவாக முந்துகிறது.

சரி, ஒளியவே ஒளியாத ஸ்டெல்த் இருக்க முடியுமா? டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் 2000-இலிருந்தே ஹிட்மேன் வரிசையில் அதைத்தான் செய்துவருகிறது. நாம் ஒரு கூலிக் கொலையாளி, மாறுவேடம்தான் நம் மறைவு. கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பவனிடம் "நீங்க எந்த வீட்டு ஆளு?" என்று யாரும் கேட்பதில்லை. சமையல் மாஸ்டர் ஒருவர்தான் ஏற இறங்கப் பார்ப்பார், இவன் நம்ம செட்டுல இல்லையே என்று. ஹிட்மேன் முழுக்க இதுதான். 2016-இல் வந்த ஹிட்மேனின் பாரிஸ் லெவலில் ஒரு அரண்மனையில் ஃபேஷன் ஷோ நடக்கிறது. வெயிட்டர் உடை கிடைத்தால் பாருக்குப் பின்னால் நின்று, நாம் கொல்ல வேண்டிய நோவிகோவின் காக்டெயிலில் எலி மருந்தைக் கலக்கலாம். அவர் வாந்தியெடுக்கக் கழிவறைக்குப் போவார், அப்புறம் உங்கள் பாடு. உடை பொருந்தாத இடத்துக்குப் போனால் அத்துமீறல். அந்த உடைக்காரர்களை நன்றாகத் தெரிந்தவர்கள் தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளியோடு நிற்பார்கள். அவர்கள்தான் சமையல் மாஸ்டர்கள்.

இங்கே உங்களை எல்லாரும் பார்க்கிறார்கள். பார்ப்பது யாரை என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. ஒளிவதை முழுக்க எடுத்துவிட்ட பிறகும் இது ஸ்டெல்த்தாகவே இருக்கிறது. அதனால்தான் நிழலும் புதரும் இந்த வகையின் இலக்கணம் ஆகாது என்கிறேன்.

2002-இல் வந்த ஸ்பிளிண்டர் செல் தீஃபின் வெளிச்ச விளையாட்டை நவீன உளவாளிக்குக் கொடுத்தது. அதே வரிசையில் 2005-இல் வந்த கேயாஸ் தியரியில் சுற்றுப்புறச் சத்தத்தையும் உங்கள் சத்தத்தையும் ஒரே மீட்டரில் காட்டினார்கள். நல்ல யோசனைதான், ஆனால் காது செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்கிறது.

ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் தீஃப் பக்கம். ஆனால் புதிதாக வருகிறவரிடம் அதை முதலில் கொடுக்க மாட்டேன். முகங்கள் மரப்பாச்சி மாதிரி இருக்கும், முதல் அரை மணி நேரத்தில் மூடிவிடுவார். பாரிஸ் லெவலை நாலு தடவை நாலு உடையில் முடிக்கட்டும். அப்புறம் தீஃபை எக்ஸ்பர்ட் நிலையில் வைத்துக் கொடுப்பேன். அதில் மனிதர் யாரையும் கொல்லவே கூடாது. அங்கேயும் மாட்டிக்கொண்ட உடனே முன்பு சேமித்து வைத்த இடத்தை லோட் போடத்தான் கை போகும். எனக்கும் அந்த வியாதி இருக்கிறது. ஒரு தடவையாவது போடாமல், காவலர்கள் விளக்கோரம் தேடி அலைந்து, முனகி, ஓய்ந்து, மறுபடி கரடிக் கதைக்குத் திரும்பும்வரை அந்த மூலையிலேயே நின்று பாருங்கள்.