தொங்கிய விரலுக்கு இரண்டு ஸ்பிளிண்ட்

மெத்தைக்கு அடியில் பெட்ஷீட்டைச் சொருகினேன், வலது மோதிர விரல் சுரீரென்றது. அவ்வளவுதான். ரத்தம் இல்லை, பெரிய வீக்கமும் இல்லை. ஆனால் நகம் இருக்கிற நுனி மட்டும் வாடிய கொத்தவரங்காய் மாதிரி தொங்கியது. இடது கையால் தூக்கினால் நிமிரும், விட்டால் விழும். அத்தை சுளுக்கு என்று நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டார். அதிலேயே பத்து நாள் போய்விட்டது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, நுனியை நிமிர்த்துகிற தசைநார்தான் அறுந்திருக்கிறது என்றார். ஸ்பிளிண்ட், அதாவது நுனி மடங்காமல் நிமிர்த்திப் பிடிக்கிற தாங்கி, போட்டு 8 வாரம், ராத்திரி பகல் கழற்றக் கூடாது. நடுவில் ஒரு தடவை நுனி மடங்கினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டுமாம்.

முதலில் மெடிக்கலில் கொடுத்தது அலுமினியத் தகடு, உள்ளே நீல ஸ்பாஞ்சு. 80 ரூபாய். விரலுக்கு ஏற்றபடி வளைக்கலாம், அது ஒன்றுதான் நல்லது. பாத்திரம் கழுவினால் ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மூன்றாம் நாளே நாற்றம், உள்ளே தோல் வெளுத்து ஊறிக் கிடந்தது. நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். தகட்டின் ஓரம் ஒரு வாடிக்கையாளரின் பட்டுத் துணியில் மாட்டி இழையை இழுத்துவிட்டது. ஐந்துக்கு இரண்டு.

அப்புறம் வாங்கியது பிளாஸ்டிக், விரல் நுனிக்குத் தொப்பி மாட்டின மாதிரி இருக்கும். காற்றுப் போக ஓட்டைகள் உண்டு, கழுவித் துடைத்தால் போதும். நடு மூட்டு மடங்குவதால் கத்தரிக்கோல் பிடிக்கலாம், கொக்கிகூடத் தைத்தேன். கழுவக் கழற்றும்போது மட்டும் விரலை மேஜைமேல் நீட்டி வைத்து, நுனி தொங்காமல் உருவ வேண்டும். இரண்டு நாளில் கை பழகிவிடும். அளவு பார்த்து வாங்குங்கள். வீக்கத்தோடு அளந்து வாங்கினேன், இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்து லொடலொடவென்று ஆடியது. அடுத்த சின்ன அளவுக்கு இன்னொரு முறை காசு. ஐந்துக்கு நான்கு.

ஐந்தாவது வாரம் சப்பாத்தி மாவு பிசைய "ரெண்டு நிமிஷம்தானே" என்று கழற்றினேன். நுனி விழுந்தது. எண்ணிக்கை மறுபடி ஒன்று. இதில் ஸ்பிளிண்ட் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது ஐந்தாம் மாதம். நுனி முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது. வலிதான் போகவில்லை. காலையில் விறைப்பு, பத்து கொக்கி தைத்தால் நகத்துக்குக் கீழ் மூட்டில் ஒரு குடைச்சல். இந்த மூட்டு வலி அடங்கச் சில மாதம் ஆகும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். காஜா எடுப்பதை மட்டும் இன்னும் பக்கத்துத் தெருவுக்குத்தான் கொடுத்தனுப்புகிறேன்.