‘நாளைக்குக் கூட்டி வாருங்கள்’: சென்னையில் ஒரு முயலுக்கு வைத்தியம் தேடிய இரவு

இந்த முறை சென்னைக்கு வந்தபோது வங்கி வேலையும் ஆதார் திருத்தமும் சொல்லி வைத்தாற்போல முடிந்துவிட்டன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நங்கநல்லூரில் என் தங்கை வீட்டு முயலான பஞ்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை நிறுத்தியதையும், வைத்தியம் தேடிய எங்களுக்கு வழியெல்லாம் கிடைத்த பதில்களையும் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. லண்டனில் நானும் முயல் வளர்க்கிறேன் என்பதால், அந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் எனக்கு எவ்வளவு அச்சத்தைத் தந்தன என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“பெரியம்மா, பஞ்சு கொத்தமல்லியைக்கூடத் தொடலை” என்று தங்கை மகள் வந்து சொன்னபோது மாலை ஆறு மணி இருக்கும். நான் முதலில் முயலைப் பார்க்கவில்லை, அதன் கழிவுத் தட்டைத்தான் பார்த்தேன். வழக்கமாகக் கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக இருக்கும் புழுக்கை மிளகளவுக்குச் சுருங்கியிருந்தது; சில புழுக்கைகள் முடியில் கோத்தபடி கிடந்தன. அவையும் காலையில் போட்டவை. மதியத்துக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பஞ்சு கட்டிலுக்கடியில் முதுகைக் குவித்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. சற்று நேரம் வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்தது, பிறகு எழுந்து வேறு மூலைக்குப் போய் மறுபடியும் அப்படியே படுத்தது. பல்லை நறநறவென்று கடிக்கும் ஓசை கேட்டது. தடவிக்கொடுக்கும்போது முயல் சுகமாகப் பல்லை லேசாக உரசுமே, அது வேறு. இது வலியின் ஓசை. காதுகள் சில்லிட்டிருந்தன, அதுவும் வெளியே கத்திரி வெயில் இன்னும் இறங்காத நேரத்தில்.

“ஒரு வேளை சாப்பிடலைன்னா என்ன அக்கா, வெயில் தாங்கலை போல” என்றாள் தங்கை. அவளைக் குறை சொல்வதற்கில்லை. ‘லங்கணம் பரம ஔஷதம்’, பட்டினியே சிறந்த மருந்து, என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. மனிதர்களுக்கு அது பொருந்தலாம். முயலின் குடலோ இரவும் பகலும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிய ஒன்று. புல்லின் நார்தான் அதை நகர்த்துகிறது. அந்த நகர்வு மந்தமானால் இரைப்பையில் உள்ள உணவு நீர் வற்றிக் கெட்டியாகிறது, வாயு சேர்கிறது, வயிறு வலிக்கிறது, வலியால் முயல் மேலும் உண்ண மறுக்கிறது, உண்ணாததால் குடல் மேலும் நிற்கிறது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது, ஆகவே உள்ளே போனது வெளியேறுவதற்கு ஒரே வழிதான் உண்டு. பட்டினி நீண்டால் கல்லீரலிலும் கொழுப்பு படியத் தொடங்கும். அரை நாள் சாப்பிடாத முயலை அவசர நோயாளி என்றே கருத வேண்டும். எதிர்வீட்டு மாமி அன்போடு ஓமத் தண்ணீர் கொண்டுவந்தார். வயிற்றில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன்.

பிறகு தொலைபேசி. முதலில் பேசிய இடத்தில், “முயலா? நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். அடுத்த இடத்தில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார்: “சண்டே டாக்டர் இல்லை மேடம், நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் கொஞ்சம் கேரட் குடுத்துப் பாருங்க.” கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது புழுக்கை போட்டது, வயிறு உப்பியிருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர்கள் இருபத்துநான்கு மணி நேரமும் அவசர முதலுதவிக்கும் வலி நிவாரணத்துக்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது அவர்களது தொழில் நெறி விதி. அதற்கான கட்டணம் கையைக் கடிக்கும். இரவு நேரப் பரிசோதனைக்கு மட்டுமே 200 பவுண்டைத் தாண்டும் இடங்கள் உண்டு. ஆனாலும் அங்கே தொலைபேசியை எடுக்கும் செவிலியர், “முயல் சாப்பிடவில்லை” என்ற சொல்லைக் கேட்டதும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இந்தக் கேள்விகளைத்தான் கேட்பார்.

இங்கே எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது எங்கள் தெருவில் மாடு வைத்திருந்தவர்கள் பலர். சைக்கிளில் வரும் மாட்டு டாக்டர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் சாணத்தைத்தான் பார்ப்பார். அதைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டின் மேல் கை வைப்பார். மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கப்பட்ட நகரம் இது. இத்தனை தலைமுறை மருத்துவர்களைப் படிக்க வைத்த ஊரில், சாணத்தைப் பற்றிக் கேட்கும் அந்தப் பழக்கம் தொலைபேசி மேசைக்கு வந்து சேராமல் போனது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து அடுத்த இடத்தில் காத்திருந்தது. அன்று திறந்திருந்த ஒரு மருத்துவமனைக்குக் கூடையோடு போனோம். குரைக்கும் நாய்களுக்கு நடுவே நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். இரை விலங்கான முயலுக்கு அந்த அச்சமே குடலை மேலும் நிறுத்தப் போதுமானது. உள்ளே இருந்தவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் சிரப்பை எழுதினார். முயலுக்கு இதை வாய்வழியாகக் கொடுக்கக் கூடாதே என்று கேட்டேன். “குழந்தைங்களுக்கே குடுக்கிறது மேடம், ஒண்ணும் ஆகாது” என்றார். ஆகும். முயலின் பெருங்குடல் தொடக்கத்தில் உள்ள பெரிய பையில் வாழும் நல்ல நுண்ணுயிரிகளே நாரை நொதிக்க வைத்து அதற்கு உணவாக்குகின்றன. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளும் கிளிண்டாமைசின், லிங்கோமைசின் போன்றவையும் வாய்வழியே போனால் அந்த நுண்ணுயிரிகள் அழிந்து, அவற்றின் இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் கிருமிகள் பெருகி நச்சைக் கக்குகின்றன. அதில் மாண்டுபோகும் முயல்கள் உண்டு. சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

தங்கையின் கணவருடைய அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்த எண்ணில் பேசியபோதுதான் அன்றைய இரவு திரும்பியது. எடுத்தவரே மருத்துவர், வேப்பேரியில் உள்ள அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த இளம் பெண். முயல் சாப்பிடவில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், “புழுக்கை போட்டு எவ்வளவு நேரமாச்சு?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வயிறு மெத்தென்று இருக்கிறதா, மேளம்போல விறைத்திருக்கிறதா என்று அடுத்த கேள்வி. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து உடனே கொண்டுவரச் சொன்னார்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய கிளினிக் அது. அவர் பார்த்த விதத்தை நான் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். முதலில் உடல் வெப்பம்: 37.6 டிகிரி செல்சியஸ். முயலுக்கு 38.5 முதல் 40 வரை இருக்க வேண்டும். இறங்கிய வெப்பம் நல்ல அறிகுறி அன்று. பிறகு ஸ்டெதஸ்கோப்பை வயிற்றின் இருபுறமும் வைத்து வெகுநேரம் கேட்டார். வழக்கமாகக் கேட்கும் களகள ஒலி ஒரு பக்கம் சுத்தமாக இல்லை என்றார். அடுத்து அவர் எடுத்தது, நம் வீடுகளில் சர்க்கரை நோயாளிகள் வைத்திருக்கும் அதே குளுக்கோமீட்டர். காதோர ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம். குடலில் அடைப்பு உள்ள முயல்களுக்குச் சர்க்கரை மிகவும் ஏறிவிடும், 360 மில்லிகிராமைத் தாண்டினால் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார். பஞ்சுவுக்கு 190. எக்ஸ்ரேயிலும் இரைப்பை நீர் நிரம்பிப் பந்துபோல உப்பியிருக்கவில்லை. உணவுக் கட்டியும் அதைச் சுற்றி வாயுவும்தான் தெரிந்தன. அதாவது அறுவை சிகிச்சை தேவைப்படும் அடைப்பு இல்லை, குடல் மந்தம். லண்டனில் என் முயலைப் பார்ப்பவரும் இதைவிடக் கூடுதலாக எதையும் செய்ததில்லை.

சிகிச்சையின் வரிசையும் முக்கியம். முதலில் வெப்பம், அதோடு வலிக்கு மெலாக்சிகாம் ஊசி, பிறகு வெதுவெதுப்பான சலைன் தோலுக்கடியில். அடைப்பில்லை என்று உறுதியான பிறகே குடலை நகர்த்தும் மருந்தும், சிரிஞ்சில் உணவும். வெளிநாட்டு உணவுப் பொடி கைவசம் இல்லாததால், அரைத்த உலர்புல்லையும் முயல் தீவன வில்லைகளையும் வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கினார். முயலை மல்லாத்தாமல் நிமிர்த்திப் பிடித்து, முன்பற்களுக்குப் பின்னால் வாயின் ஓரமாகச் சிறிது சிறிதாக விட்டு, மென்று விழுங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். என் தங்கை மகளுக்கு அதைக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் எங்களை அனுப்பினார். கடைவாய்ப் பற்கள் கூராக வளர்ந்து நாக்கைக் குத்துகின்றனவா என்றும் பார்த்தார், ஏனெனில் முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. மொத்தக் கட்டணம், லண்டன் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான்.

மறுநாள் விடியற்காலையில் கோணல்மாணலாகச் சில புழுக்கைகள் வந்தன, வீடே எழுந்துவிட்டது.

காரணம் என்று பார்த்தால், வெயிலும் தீனியும் சேர்ந்தவை. வாங்கிய இடத்தில் “சாதம், பிரெட், பிஸ்கட் எல்லாம் சாப்பிடும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், கூடவே நாள்தோறும் கேரட். முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாகவே இருக்க வேண்டும். மாவும் சர்க்கரையும் குடல் நுண்ணுயிரிகளைக் குலைக்கின்றன. இறக்குமதியான திமோத்திப் புல் இங்கே விலை அதிகம் என்று தங்கை தயங்கினாள். ஆனால் பிள்ளையாருக்கு வாங்கும் அருகம்புல்லும், பால்பண்ணைக்காரர்கள் வளர்க்கும் கோ-4 தீவனப்புல்லும் சென்னையில் கிடைக்காதவை அல்ல. கழுவி நிழலில் உலர்த்தி, பழைய தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். குதிரைமசால் என்னும் தீவனப்பயிர் சத்துள்ளதுதான், ஆயினும் வளர்ந்த முயலுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. முப்பது டிகிரிக்கு மேல் முயலுக்கு வெப்பம் தாங்காது, சென்னைக் கோடையில் அது காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுகிறது; மொட்டை மாடிக் கூண்டு வேண்டவே வேண்டாம். தண்ணீர் கவிழாத கனமான கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். குட்டி முயல்களுக்கு வயிறு உப்பி நீராகப் போனால் அது பெரும்பாலும் காக்சிடியா என்னும் ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கும். அதற்கு வைத்தியம் வேறு, அதற்கும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

சென்னையில் முயல் வளர்ப்பவர்கள், முயல் நன்றாக ஓடியாடும் நாளிலேயே இரண்டு மூன்று கிளினிக்குகளுக்குப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. முயல் பார்ப்பீர்களா, ஞாயிற்றுக்கிழமை இரவில் யார் எடுப்பார்கள், எக்ஸ்ரே அங்கேயே உண்டா என்று கேளுங்கள். வாய்வழி அமாக்சிசிலின் எழுதுவீர்களா என்றும் தயங்காமல் கேளுங்கள். “எழுதுவோம்” என்று சொன்னால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுங்கள்.